உலகம் பார்த்த மாமா கோபம்

என் தாய்மாமா கல்யாணப் பந்தியில் இலையை மடித்துப் போட்டுவிட்டு எழுந்துபோகும் காட்சியைப் பார்க்காத வீடியோ புரோகிராமர்கள் உலகத்தில் குறைவு. மிகைப்படுத்துகிறான் என்று நினைப்பீர்கள். மிகைதான். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

நான் ஒரு ஓப்பன் சோர்ஸ் வீடியோ மென்பொருளை எழுதிப் பராமரிக்கிறேன். அதைப் பொதுமக்கள் நேரடியாகத் தொட மாட்டார்கள். வீடியோவைப் பிரிப்பது, புள்ளி புள்ளியாகத் தெரியும் அழுக்கைத் துடைப்பது, சுருக்குவது, மறுபடி ஒட்டுவது என்று அடுப்படி வேலை எல்லாவற்றையும் அது செய்யும். அதன்மேல் மற்றவர்கள் தங்கள் ஆப்பைக் கட்டி, தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், திருத்தம் எழுதி எனக்கு அனுப்பலாம். அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பதா, தள்ளுவதா என்று சொல்வதுதான் என் அதிகாரம். அதை முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், கைலியோடு உட்கார்ந்து செலுத்துகிறேன். மெஷின் துணி பிழியும்போது மேசை ஆடும். அந்த ஆட்டத்தில் எடுத்த சில முடிவுகள் மென்பொருளில் இன்னும் இருக்கின்றன.

பிழைப்புக்கு உப்பளம் பக்கம் ஓர் ஆபீஸில் வேறொரு வேலை இருக்கிறது. இது புகழுக்கு. புகழ் கடலைத் தாண்டிவிட்டது, ஊர் எல்லையான கோரிமேட்டைத்தான் தாண்டவில்லை.

அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் அம்மா சொல்வாள்: "அன்னதானம் மாதிரிங்க. கம்ப்யூட்டர்ல பண்றான்."

"அன்னதானம் பண்றவன் மொதல்ல சோறு வச்சிருக்கணும்" என்பார் மாமா. அம்மாவுக்கு ஒரே அண்ணன். வேலை பார்த்த மில் மூடிய பிறகு தண்ணீர் கேன் கடை வைத்து, மில்லுக்குப் போய்வந்த அதே தெருக்களில் கேன் போட்டுக்கொண்டிருப்பவர். ஒரு காலத்தில் தன் மகளை எனக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை அவருக்கு இருந்தது. என் வேலையை நான் விளக்கிச் சொன்ன அன்றே அது முடிந்தது. "எல்லாத்தையும் ஓசில குடுக்குறவனுக்குப் பொண்ண எப்டிடா குடுக்குறது?" என்று என்னிடமே கேட்டார். என் மனைவியின் அப்பா நல்லவேளையாக விளக்கம் கேட்கவில்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன். என் தங்கை கல்யாணத்தில் நடந்தது. தாய்மாமன் என்றால் அந்த மண்டபத்தில் சாமிக்கு அடுத்தபடி. அவர் முதல் பந்தியில் நடுநாயகமாக உட்கார்ந்தார். இடப்பக்கத்து இலையில் வடை விழுந்தது, வலப்பக்கத்து இலையிலும் விழுந்தது, மாமா இலையில் விழவில்லை. மாமா இலையை மடித்தார். தன் பக்கமாக அல்ல, எதிர்ப்பக்கமாக, சாவு வீட்டில் மடிப்பதுபோல. எழுந்தார், தோளில் கிடந்த துண்டை உருவி ஓர் உதறு உதறினார், மண்டபத்தை விட்டுப் போய்விட்டார். அவரைத் திரும்ப எங்கள் வீட்டுக்கு வரவைக்க அம்மா பட்ட பாட்டை நான் எழுதினால் அது தனிப் புத்தகம். ஒருவழியாக வந்தார். ஆனால் வழக்கு முடியவில்லை. நல்ல நாள், கெட்ட நாள் எதுவானாலும் சாப்பாட்டின் நடுவில் கிளம்பிவிடும்.

"வடை வந்துச்சுண்ணே. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"வரல."

"வந்துச்சு. நீ பாக்கல."

"என் எலைல இல்லாதத உன் கண்ணு எப்டி பாக்கும்?"

கல்யாண வீடியோவில் அந்த இடம் இருக்கக்கூடாது, வீடியோக்காரர் கடைக்குப் போய் அழிக்கச் சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தானே. ஆல்பத்திலிருந்து வெட்டச் சொன்னேன். ஆனால் வீடியோவோடு புழங்குகிறவனுக்கு எதையும் முழுதாக அழிக்க மனம் வராது. மாமா இலையை மடித்து எழும் இடத்தை மட்டும் மொபைலில் பார்க்கும் தரத்துக்குச் சுருக்கி ஒரு சின்ன நகலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன்.

அந்த நகலை மென்பொருளில் ஓட்டிப் பார்த்ததும் பிரமித்துப்போனேன். பட்டுப்புடவைச் சரிகையின் மினுமினுப்பு, விட்டு விட்டு எரியும் சீரியல் லைட்டு, சாம்பார் ஆவி, மின்விசிறி நிழல், வழுவழுவென்ற பச்சை இலை, இவற்றின் குறுக்கே சுழலும் ஒரு வெள்ளைத் துண்டு! சுருக்குவதற்கு இதைவிடக் கஷ்டமான காட்சி உலகத்தில் இருக்க முடியாது. மாமா துண்டு உடையாமல் வந்தால் எந்த வீடியோவும் உடையாமல் வரும். எனவே மென்பொருளோடு சேர்த்து அனுப்பும் சோதனை வீடியோவாக மாமா ஆனார். யார் எந்தத் திருத்தம் எழுதினாலும் முதலில் மாமா எழுந்துபோகவேண்டும். எந்த ஊரிலோ ஒருவன் ஒரு வரியை மாற்றுவான். மாமா எழுந்துபோவார். இன்னொருவன் அதைத் திருப்பி மாற்றுவான். மறுபடி எழுந்துபோவார். பார்த்தேயிராத மனிதர்கள் எனக்கு எழுதுவார்கள்: மாமாவின் துண்டு நன்றாக இருக்கிறது, ஆனால் மீசை கொஞ்சம் கரைகிறது.

ஒரே ஒரு குறை இருந்தது. மாமா நிமிரும் நேரத்தில் படத்தின் வலது மூலையில், இலையின்மேல், பழுப்பாக ஒரு பொட்டு தோன்றும். கேமரா மாமாவின் பின்னால் ஓடிவிடுவதால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அழுக்குதான், சுருக்கும்போது வந்த கறை என்று எல்லோரும் முடிவுகட்டினோம். அதைத் துடைக்கப் பல நாட்டு ஆட்கள் பாடுபட்டார்கள். துடைத்தால் மாமாவின் நெற்றிப் பொட்டும் சேர்ந்து போனது. நெற்றிப் பொட்டைக் காப்பாற்றினால் இது திரும்பி வந்தது. கடைசியில் ஒருவர் வித்தை செய்தார். திடீரென்று முளைக்கும், சிறிய, பழுப்பான, உருண்டையான எதையும் சந்தேகப்படு என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொட்டு மாயமானது. நான் அன்று மாடியிலிருந்து இறங்கி வந்து வீட்டாருக்குப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் மாமா மகளுக்கு வரன் வந்தது. பையனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் சொல்தா குடும்பம் என்போம். பையன் பிரான்சிலேயே வளர்ந்து, அங்கேயே ஏதோ கம்ப்யூட்டர் வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்பதை நான் விசாரித்திருக்கவேண்டும். எனக்கே அதுதான் பெயர் என்பதால் மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். பையன் பிரெஞ்சுக்கார ஒழுங்கோடு செருப்பை ஜோடியாக நேராக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தான். மாமா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டே "வாங்க மாப்ள" என்றார். பையன் நின்ற இடத்தில் நின்றுவிட்டான்.

"நீங்க... இலையை மடிச்சவர்தானே?"

"எந்த எலை மாப்ள?"

"எங்க ஆபீஸ்ல உங்களை எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷமா தினமும் உங்க துண்டைத்தான் பாக்குறேன்." கையெடுத்துக் கும்பிட்டான். பெண்ணைப் பார்க்க வந்தவன் பெண்ணின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"மோன் தியே! கடவுளே, என்னடா உளர்ற?" என்றார் அவன் அம்மா.

அவன் உளறவில்லை என்று காட்டப் போனை எடுத்தான். நான் கேசரியை வாயில் போட்டபடி அந்தப் போனுக்கும் மாமாவுக்கும் நடுவே நுழையப் பார்த்தேன். தாமதமாகிவிட்டது. மாமா பார்த்தார். "இன்னொருவாட்டி போடு" என்றார். பார்த்தார். மூன்றாவது முறையும் தன்னைத்தானே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு போட்டது இத?"

வாயில் கேசரி இருந்ததால் பொய் சொல்ல முடியவில்லை. கையைத் தூக்கினேன்.

"சொந்த மாமன ஊரு ஒலகத்துக்கெல்லாம் வித்துட்டியேடா!"

"விக்கல மாமா. இலவசம்."

நான் வாழ்க்கையில் சொன்ன பதில்களிலேயே மோசமானது இதுதான். மாமா முகம் இருண்டது. ஆனால் அவருக்கு வந்த ஆத்திரம் நான் எதிர்பார்த்த ஆத்திரம் அல்ல.

"ஏன் எழுந்தேன்னு இதுல எங்கடா இருக்கு? சும்மா உக்காந்திருந்தவன் பைத்தியம் புடிச்சி எழுந்து போறாப்ல இல்ல இருக்கு? பக்கத்து எலைல வடை, அந்தப் பக்கத்து எலைல வடை, என் எலைல இல்ல. அத காட்டுனியா? வெள்ளக்காரன் என்னைப் பத்தி என்னா நெனச்சிருப்பான்?"

"வடை வந்துச்சுண்ணே" என்றாள் அம்மா, பழக்கதோஷத்தில்.

மாமா எழுந்தார். துண்டை உருவினார். பையன் பரவசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான், நேரில் பார்க்கும் பாக்கியம். "முழுசா போடு. மொதல்லேர்ந்து. என் பக்கம் நியாயம் இருக்குன்னு அந்த ஒலகம் பாக்கணும். அதுக்கப்புறம் நிச்சயதார்த்தம் வச்சுக்கலாம். அதுவரைக்கும் உங்க வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துச் சொன்னார். மகள் அறைக்குள்ளிருந்து "அப்பா!" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தாள். பயனில்லை. இது அவர் வீடு என்பதால் வெளியே போக இடமில்லாமல் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. "போன வாட்டி அவரு வர்றதுக்கு எவ்ளோ நாளாச்சு தெரியுமில்ல? இனிமே அதுக்கெல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் வயசில்லடா" என்றாள். அதற்குப் பிறகு நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

எங்கள் திட்டத்தில் எந்த மாற்றத்தையும் ஊரறியப் பேசித்தான் செய்வோம். நான் ஒரு விண்ணப்பம் போட்டேன்: சோதனை வீடியோ அநியாயமான இடத்தில் தொடங்குகிறது, மாமாவின் தரப்பையும் சேர்க்கவேண்டும். குளிர் நாட்டுக்காரர் ஒருவர் உடனே எதிர்த்தார். வீடியோ நீண்டால் பழைய சோதனை முடிவுகள் எல்லாம் வீணாகும் என்றார். நியாயம். இன்னொருவர், வடை என்பது உரிமையா, உபசாரமா என்று தெளிவுபடுத்தும்படி கேட்டார். தாய்மாமன் என்றால் என்ன, இலை என்றால் என்ன, எதிர்ப்பக்கம் மடித்தால் என்ன அர்த்தம் என்று நான் இங்கிலீஷில் எழுதிய விளக்கம், மென்பொருளுக்கு நான் எழுதிய மொத்த விளக்கக் குறிப்பைவிடப் பெரியது. ஒரு அம்மையார், தன் தம்பி கல்யாணத்தில் தன்னைக் கடைசி மேசையில் உட்காரவைத்ததால் தானும் எழுந்து போனதாகவும், மாமாவுக்குத் தன் முழு ஆதரவு என்றும் எழுதினார். அதோடு காற்று எங்கள் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளைப் பையன் பிரான்சிலிருந்து எல்லோரையும்விட அதிகமாக வாதாடினான். வேலை முழுவதையும் தானே செய்வதாகவும் சொன்னான்.

வீடியோக்காரரிடம் அசல் பதிவு பத்திரமாக இருந்தது. அவரும் என் இனம், எதையும் அழிக்காதவர். அதை வாங்கி, நான் பார்ப்பதற்கு முன்பே ஆர்வக்கோளாறில் பையனுக்கு அனுப்பிவிட்டேன். பிறகுதான் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டுக்கு வரமாட்டார் என்பதால் வீடியோக்காரர் கடையிலேயே பார்ப்பதாக ஏற்பாடு.

கடை பார்ப்பதற்குக் கோர்ட் மாதிரியே இருந்தது. மாமா ஒரு நாற்காலியில், அம்மா ஒரு நாற்காலியில், நடுவில் காலி நாற்காலி ஒன்று. பெரிய திரையில், பளிங்கு மாதிரி, பந்தி தொடங்கியது. வடைக்காரர் இடப்பக்கத்திலிருந்து வருகிறார். மாமாவின் இடப்பக்கத்து இலையில் ஒன்று. தட்டு காலி. வடைக்காரர் அப்படியே திரும்பி உள்ளே போகிறார். வலப்பக்கத்தில் வேறொருவர் வேறு தட்டோடு வந்து அங்கே ஒன்று வைத்துவிட்டு எதிர் வரிசைக்குத் திரும்புகிறார். நடுவில் மாமா. இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார், தன் இலையைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார்.

"பாத்தியா! பாத்தியா!" என்று மாமா நிஜத்தில் துள்ளினார். "ரெண்டு பேரும் என்ன வுட்டுட்டுப் போறானுங்க பாரு!"

திரையில் இலை மடிந்தது. மாமா எழத் தொடங்கினார். அதே கணம் வலது ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. எதிர் வரிசைக்குப் போனவர் தவறை உணர்ந்து திரும்பி வந்திருக்கிறார். முகம் வேறெங்கோ இருக்க, கை மட்டும் பழக்கத்தில் வடையைப் போட்டது. மடித்த இலையின்மேல் அது கச்சிதமாக உட்கார்ந்தது. மாமா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். வடை அங்கேயே இருந்தது.

பழுப்பு. உருண்டை. வலது மூலை. சுருக்கிய நகலில் கை கரைந்துபோய்ப் பொட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எத்தனை நாட்டு மூளைகள், எத்தனை காலமாக, எவ்வளவு மின்சாரத்தைச் செலவழித்து, எங்கள் வீட்டு வடையை உலகத்திலிருந்து துடைத்திருக்கிறோம்! பாதாம் பால் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, "அது... வடையா?" என்றார்.

"மெதுவடைங்க" என்றார் வீடியோக்காரர், உதவி செய்வதாக நினைத்து.

அம்மாவைப் பார்த்தேன். எத்தனையோ பண்டிகைச் சாப்பாடுகளில் அவள் கத்திய கத்தலுக்குத் திரையே சாட்சி. இப்போது எழுந்து ஆடியே விடுவாள் என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. அண்ணன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உள்ளே இழுத்துக்கொண்டதுபோல் குனிந்திருந்தது.

"யாருய்யா சொன்னது வடைன்னு? லைட்டு அடிக்குது அங்க" என்றாள்.

"இல்லக்கா, பெருசு பண்ணிக் காட்டுறேன் பாருங்க. ஓட்டை கூட..."

"ஓட்டையா? மொதல்ல உன் வாய மூடுய்யா. கண்டதுக்கும் லைட்டப் போட்டுப் படம் புடிக்கிறது, அப்புறம் வடைங்கிறது!" காலி நாற்காலியைத் தள்ளிவிட்டு மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எங்கண்ணன் எழுந்தப்ப எலைல வடை இல்ல. அவ்ளோதான். நான்தான் தப்பா சொல்லிட்டிருந்தேன்."

மாமா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார், மெல்லிய குரலில்: "இது மாப்ளைக்குப் போயிடுச்சா?"

போயிருந்தது. அதோடு நிற்கவில்லை. என் போனில் பையனின் திருத்தம் வந்து உட்கார்ந்திருந்தது. தலைப்பு: வடை மீட்பு. நான் இதுவரை பார்த்ததிலேயே அழகான திருத்தம் அது. அழுக்கு துடைக்கப்படும், வடை நிற்கும், நெற்றிப் பொட்டும் நிற்கும், எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தது. நான் ஒரு பொத்தானை அமுக்கினால் அடுத்த பதிப்பிலிருந்து உலகத்துக்கே வடை தெரியும். சம்பந்தி வீட்டுக்கு முதலில் தெரியும்.

தள்ளுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடு என்று மாமா சைகை காட்டினார்.

"அண்ணே, பாத்தீங்களா!" பையன் கத்தினான். "அது அழுக்கு இல்ல! வடை! இத்தனை நாளா நாம வடையைத் துடைச்சிருக்கோம்!"

"எனக்கு லைட்டு மாதிரி தெரியுது தம்பி."

"இல்லண்ணே, ஓட்டை கூட..."

அம்மா போனைப் பிடுங்கினாள். "தம்பி, பொண்ணோட அத்தை பேசுறேன். சாப்டீங்களா? நல்லா கேளுங்க. உங்க மாமனாரு எழுந்தப்ப எலைல வடை இல்ல. நாங்க எல்லாரும் பாத்தோம். அவரு இங்கதான் பக்கத்துல உக்காந்திருக்காரு."

அந்தப் பக்கம் மவுஸ் கிளிக் செய்யும் சத்தம் கேட்டது. பிரான்சில் படித்த பையன், கண்ணால் கண்டதைத்தான் நம்பவேண்டும் என்று சொல்லிக்கொடுத்த நாடு. அவன் எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறான் என்பதை அந்தக் கிளிக்குகளுக்கு நடுவில்தான் கணக்குப்போட்டான் என்று நினைக்கிறேன். மாமா துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஆமா அத்தை" என்றான் கடைசியில். "இப்ப திரும்பப் பாத்தேன். லைட்டுதான்."

மாமா மூச்சு விட்டார். "பையன் நல்ல பையன்" என்று என்னிடம் சொன்னார், என்னமோ நான் எதிர்வாதம் செய்ததுபோல. அன்று மதியம் அம்மா கையால் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

முழுக் காட்சியும் இப்போது உலகத்தின் பார்வையில் இருக்கிறது, எங்கள் மென்பொருளாலேயே சுத்தமாகத் துடைக்கப்பட்டு. இரண்டு பக்கமும் வடை (அவை இரண்டுக்கு மட்டும் பையன் விலக்கு எழுதிக் கொடுத்தான்), நடுவில் வெறும் இலை, எழுந்துபோகும் மாமா. இன்றுவரை யாரும் அவர்மேல் குறை சொல்லவில்லை. வடை மீட்பு திருத்தத்தைப் பையன் தானே திரும்ப எடுத்துக்கொண்டான். காரணம் என்ற இடத்தில், பார்வைப் பிழை என்று எழுதினான்.

ஆனால் மென்பொருள் இன்னும் சிறிய, பழுப்பான, உருண்டையான எதையும் விடுவதில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் ஓடும் பிஸ்கட்டுகளை எண்ண அதைப் பயன்படுத்தியவர்கள், பிஸ்கட்டே வருவதில்லை என்று புகார் செய்தார்கள். குடும்பக் காரணங்களால் சரிசெய்ய இயலாது என்று பதில் போட்டேன். பிறகு பறவை பார்க்கும் ஒருவர் எழுதினார். வேலியில் குருவி வந்து உட்கார்ந்ததும் மறைந்துவிடுகிறதாம். இதை நான் சும்மா வேடிக்கைக்காக மாமாவிடம் சொன்னேன். தோளில் கேனோடு படியேறி வந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்.

"எவ்ளோ நேரம் காத்திருந்து பாப்பான் அந்த ஆளு?"

"மணிக்கணக்கா மாமா."

"மத்தவனுக்கெல்லாம் குருவி வருது, அவனுக்கு மட்டும் வரலன்னா அவன் மனசு என்னா பாடுபடும்? பாவம்டா. தனியா ஏதாவது பண்ணிக் குடு. எம்பேர இழுக்காத."

ஒரு ஸ்விட்ச் செய்து கொடுத்தேன். தேவைப்பட்டவர்கள் முடுக்கிக்கொள்ளலாம், குருவி தெரியும், பிஸ்கட் தெரியும். மாமாவின் துண்டு கண்ணில் பட்டால் மட்டும் அது தானாக அணைந்துவிடும். அந்த வரியை நான் எழுதவில்லை. மாப்பிள்ளை எழுதி அனுப்பினார். வாஷிங் மெஷின் ஆடிக்கொண்டிருந்தது, ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துவிட்டேன்.